கடைசி அறையின் எல்லை

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்குத் தீர்மானித்தேன். இனி வால் உள்ள எதுவும் இந்த வீட்டுக்குள் வராது.

எட்டே முக்காலுக்கு ஒரு திருத்தம் செய்தேன். வால் இல்லாததும் வராது. போன மாதம் வந்த பூனைக்கு வால் இல்லை, வாகனத்தில் அடிபட்டது. திருத்தாமல் விட்டால் அப்படி ஒன்பது வரும்.

நான் சீவரத்தினம். ஓய்வுபெற்ற நில அளவையாளர். முப்பத்தாறு வருடம் மன்னார் மாவட்டத்தை அளந்தவன். முசலியில் பற்றை, உயிலங்குளத்தில் வயல், தீவில் மணல். என் அளவைச் சங்கிலி படாத காணி குறைவு. எழுபத்தொரு வயதில் எனக்கென்று மிஞ்சியது பதினொரு அடிக்கு ஒன்பது அடி. என் அறை. அதை விடுவதாக இல்லை.

மனைவி சுபத்திரா. ஓய்வுபெற்ற தாதி. ஓய்வுபெற்ற மறுநாள் கால் முறிந்த நாய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "பாவம்" என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு இன்றுவரை அனுபவிக்கிறேன்.

வீடு உப்புக்குளத்தில். ரயில் பெட்டி மாதிரி மூன்று அறை, வரிசையாக. முன் அறையில் ஆறு நாய். நடு அறையில் ஒன்பது பூனை, ஒரு சுவரில் மருந்து அலுமாரி, மற்றதில் கூடுகள். நடு அறையின் பக்கக் கதவைத் திறந்தால் குசினி. அங்கே மூன்று காலில் நிற்கிற ஆடு. முற்றத்தில் இரண்டு கழுதை. ஒன்றுக்குக் காலில் கட்டு. மற்றது சும்மா, துணைக்கு வந்தது. கடைசி அறை என்னுடையது. அதற்கு ஒரு கதவு. அது நடு அறைக்குள் திறக்கும்.

ஊரில் இதை நாய் ஆஸ்பத்திரி என்கிறார்கள். ஆடும் கழுதையும் ஆட்சேபிக்கவில்லை.

சுபத்திரா படுப்பது முன் அறையில், நாய்களோடு. ஆஸ்பத்திரி வாட்டென்றால் இரவுக் கடமைக்கு ஆள் வேண்டுமாம்.

நான் சொல்லிப் பார்க்காமல் இல்லை.

"இடமில்லை, சுபத்திரா."

"ஆர் சொன்னது?"

"நான் அளந்தனான்."

"அளந்தால் இடம் கூடுமோ?"

"கூடாது. குறையாது. அதுதான் இடம்."

"எங்கட வாட்டில இருபது கட்டில். டெங்கு வந்த வருசம் அறுபத்திமூண்டு பேர். ஒருத்தரையும் திருப்பி அனுப்பேல்லை."

"எங்கை வைச்சனீங்கள்?"

"கட்டிலுக்கு ரெண்டு பேர். கட்டிலுக்குக் கீழ ஒராள். ரெண்டு கட்டிலுக்கு நடுவில ஒராள். விறாந்தை முழுக்கப் பாய்."

"அது ஆஸ்பத்திரி. இது வீடு."

"அங்கை டொக்டர்மார் இருந்தவை. இஞ்ச நீங்கள் இருக்கிறியள். அதுதான் வித்தியாசம்."

இவளோடு கதைத்து வென்றவன் இல்லை. வீடும் அவளுடைய சீதனம். அதனால் என் குரல் கூரைக்கு இரண்டு அடி கீழேயே நின்றுவிடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு ஒரு காரணம் இருந்தது. காலையில் கண் விழித்தபோது என் முகத்துக்கு நேரே இன்னொரு முகம். தாடி இருந்தது. ஆடு. என் மூக்குக்கண்ணாடியை நக்கிக்கொண்டு நின்றது. அதற்கு முன்பும் பொறுத்தவன் நான். கோணம் அளக்கிற என் தியோடலைற் கருவியின் பெட்டிக்குள், வெல்வெற் துணிக்கு மேலே, போன வருடம் பூனை ஈன்றபோதும் பொறுத்தேன். கருவியை அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்துவிட்டு, பெட்டியைக் குட்டிகளுக்கு விட்டுக்கொடுத்தேன். ஆனால் ஆடு தாண்டியது வேறு எல்லை.

படம் கீறினேன்.

வேறு என்ன செய்வது? எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். வீட்டை அளந்தேன். ஓரடிக்கு அரை அங்குலம். துண்டு ஒன்று, முன் அறை. துண்டு இரண்டு, நடு அறை, பன்னிரண்டுக்குப் பதினொன்று. துண்டு மூன்று, என் அறை. துண்டு நாலு, குசினியும் முற்றமும். கீழே நிபந்தனைகள் எழுதினேன். கறுப்பு மை. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. நில அளவைக் கந்தோரில்கூட இவ்வளவு சுத்தமாக நான் கீறியதில்லை.

சுபத்திரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள்.

"துண்டு மூண்டுக்குள்ள நாலு கால் எதுவும் நுழையப்படாது. சரி. மூண்டு கால்?"

"மூண்டு காலும் நுழையப்படாது. எழுதுறன்."

"எழுதுங்கோ. எனக்கு என்ன கிடைக்கும்?"

"மிச்சம் எல்லாம் உனக்குத்தானே."

"அதையும் எழுதுங்கோ. பிறகு அங்க பூனை மயிர், இங்க நாய் மணம் எண்டு கத்திக்கொண்டு வரப்படாது."

எழுதினேன். 'துண்டு 1, 2, 4 ஆகியவற்றில் சீவரத்தினத்துக்கு எவ்வித உரிமையும் இல்லை.' 'எவ்வித' என்ற சொல்லைத் தடிப்பாக எழுதினேன். ஒரு நல்ல ஒப்பந்தத்துக்கு அது அழகு.

அவள் பேனையைக் கையில் எடுத்தாள். கையெழுத்துப் போடவில்லை. படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"வேற ஒண்டும் போடத் தேவையில்லையோ? வடிவாப் பாருங்கோ."

"முப்பத்தாறு வருசம் படம் கீறினவன் நான்."

"பிறகு மாத்தச் சொல்லிக் கேக்கக் கூடாது."

"சுபத்திரா. போடு கையெழுத்தை."

போட்டாள். நானும் போட்டேன். படத்தை என் அறைக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டினேன். அன்று மத்தியானம் நன்றாக நித்திரை கொண்டேன்.

புதன்கிழமை தலையணையில் மூன்று பூனை.

பூனைக்குப் படம் வாசிக்கத் தெரியாது. என் கதவுக்குக் கீழே இரண்டு அங்குல இடைவெளி. அதற்குள்ளால் பூனை வரும். தண்ணீர் மாதிரி ஒழுகி வரும். பூனை இருக்கும்வரை என் துண்டுக்கு எல்லை இல்லை. ஆக, பூனை போகவேண்டும். நடு அறை வெறுமையாக வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல். சுபத்திரா பூனையை இலேசில் யாருக்கும் கொடுக்க மாட்டாள். வளர்க்கக் கேட்டு ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேரையும் இருத்தி வைத்துக் கேள்வி கேட்டாள். வீட்டில் எத்தனை பேர்? பழைய பூனை எப்படிச் செத்தது? நீங்கள் கோபக்காரரா? ஏழு பேரும் தோற்றார்கள். ஒருவர் வாசலில் செருப்பை உதறிப் போட்ட விதம் பிடிக்கவில்லையாம்.

எனவே களவாகத்தான் செய்யவேண்டும். எருக்கலம்பிட்டி நுஃமானுக்கு ரெலிபோன் எடுத்தேன். அரிசிக் கடைக்காரன். என் வயது. போர் முடிந்து, புத்தளத்து அகதி வாழ்விலிருந்து திரும்பி வந்து குடியேறியபோது, அவன் வளவின் எல்லைக்கல்லைப் பற்றைக்குள் தேடிப் பிடித்துக் கொடுத்தவன் நான். அதிலிருந்து பழக்கம்.

"நுஃமான், கடையில எலி இருக்கோ?"

"என்ன சேர், காலங்காத்தால? அரிசிக் கடையில எலி இல்லாமலா?"

"பூனை ஒன்பது இருக்கு."

"ஒன்பதா?" அங்கே யாரோடோ குசுகுசு என்று கதைத்தான். பிறகு, "கொண்டு வாங்க சேர். வெள்ளிக்கிழமை காலைல. ஜும்ஆத் தொழுகைக்கு முந்தி வந்தீங்கண்டா நல்லம்."

பேரம் இல்லை. கேள்வி இல்லை. நல்ல மனிதன் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமையும் பொருத்தமாகத்தான் அமைந்தது. சுபத்திரா திருக்கேதீஸ்வரத்துக்குப் போனாள். அதற்கு முந்திய வெள்ளியும் போனவள்தான். வயது போகப் போகப் பக்தி கூடுகிறது என்று நினைத்தேன்.

"வர ரெண்டு மணியாகும். சோறு மூடி வைச்சிருக்கு. ஆட்டுக்குக் குழை போடுங்கோ."

"ஓம் ஓம். ஆறுதலா வா."

அவள் தலை மறைந்ததும் பெட்டி தேடினேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. குசினி வாசலில் மீன் ஏற்றுகிற றெஜிபோம் நுரைப் பெட்டி மூன்று அடுக்கியிருந்தது. மூடியில் காற்றுத் துளை. உள்ளே பழைய துவாய் விரித்திருந்தது. என் நல்ல காலம். பூனை பிடிக்க ஒரு மணித்தியாலம் ஒதுக்கியிருந்தேன். மீன் மணத்துக்கு அவை தாங்களாகவே ஏறிப் படுத்தன. ஐந்து நிமிடம் போகவில்லை.

கொலின்ஸின் ஓட்டோவைப் பிடித்தேன். பள்ளிமுனை ஆள். ஐம்பது வயது. கேள்வி கேட்காத மனிதன் என்பதால்தான் பிடித்தேன். அன்று அளவுக்கு மிஞ்சியே கேட்கவில்லை. நான் வாய் திறக்க முதல் எருக்கலம்பிட்டிப் பக்கம் திருப்பிவிட்டான்.

"எங்கை எண்டு நான் சொல்லேல்லையே?"

"இந்தப் பக்கம் காத்து நல்லம், ஐயா."

காற்று நல்லதுதான். விட்டுவிட்டேன். வழியில் நாலு கழுதை ரோட்டை மறித்து நின்றன. கொலின்ஸ் ஹோர்ன் அடித்தான். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். கழுதை என் முகத்தைப் பார்த்தால் எப்படியோ வீட்டுக்கு வந்துவிடுகிறது.

நுஃமானும் அவன் மனைவி நூர்ஜஹானும் வாசலிலேயே நின்றார்கள். விறாந்தையில் மூன்று தட்டில் பால். ஒரு தட்டம் நிறைய மணல்.

"வாங்க சேர், வாங்க," என்றாள் நூர்ஜஹான். "அந்த வாலில்லாத ஆள் எந்தப் பெட்டியில?"

நான் இன்னும் ஒரு மூடியும் திறக்கவில்லை.

"எப்பிடித் தெரியும்?"

"சத்தம் கேட்டிச்சு."

"வாலில்லாத சத்தமோ?"

நுஃமானுக்கு இருமல் வந்தது. பலமாக இருமினான். பெட்டியைத் திறந்தோம். ஒன்பதும் இறங்கி, சொந்த வீடு மாதிரி, பாலுக்குப் போயின. வாலில்லாதது நூர்ஜஹானின் மடியில் ஏறியது. அவள் அதன் தலையைத் தடவிக் கொடுத்தாள். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தேன். பூனை மயிராக இருக்கும்.

தேத்தண்ணி வந்தது. தொதல் இனிப்பும் வந்தது. நான் கதிரையில் நன்றாகச் சாய்ந்தேன். வேலை முடிந்தவனுக்கு வாய் திறக்கும். படம் கீறிய கதையை நுஃமானுக்குச் சொன்னேன். சுபத்திரா கையெழுத்துப் போட்ட கதை. இன்று கோயிலில் நிற்கிற கதை. நுஃமான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டான். மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

"சேர், ஒரு உதவி," என்றான். "கடைக்குப் பின்னால ஒரு நாய் குட்டி போட்டிருக்கு. ஏழு. லொறி பின்னுக்கு எடுக்கிற இடம்."

"சோறு வைக்கிறம், தண்ணி வைக்கிறம்," என்றாள் நூர்ஜஹான். "வீட்டுக்குள்ள எடுக்க ஏலாது சேர், தொழுற இடம். மழையும் தொடங்கப் போகுது. நேத்து ஒரு லொறி மயிரிழையிலதான் தப்பவிட்டிச்சு. உங்கட வீட்டில…"

பார்த்தீர்களா? உலகத்தில் எந்த வாசலுக்குப் போனாலும் எனக்கென்று ஒரு குட்டி காத்திருக்கிறது. ஆனால் நான் அன்று ஆயத்தமாக இருந்தேன்.

"எனக்கு விருப்பம்தான்," என்றேன். "சுபத்திராதான் விடமாட்டா."

"அவவா?"

"உங்களுக்குத் தெரியாது. கடுமையான மனிசி. இன்னொரு குட்டி எண்டால் என்னை வீட்டை விட்டே கலைச்சுப்போடுவா."

உள்ளே குசினியில் ஏதோ பாத்திரம் விழுந்தது.

"ஆர் உள்ளுக்கு?"

"பூனை, சேர்," என்றான் நுஃமான்.

எண்ணிப் பார்த்தேன். "ஒன்பதும் இஞ்சதானே நிக்குது."

"இது வேற. பழைய பூனை."

எழும்பினேன். ஏழு குட்டியிலிருந்து தப்பியவன் தேத்தண்ணி மிச்சம் வைப்பான். வைத்தேன். நூர்ஜஹான் "பரவாயில்ல சேர்" என்று சிரித்தாள். தோற்ற முகமாகத் தெரியவில்லை. பண்பான பெண் என்று நினைத்தேன். அந்த ஒரு காலையில் மட்டும் நான் எத்தனை பேரை நல்லவர்கள் என்று நினைத்தேன் பாருங்கள்.

கொலின்ஸ் வீட்டில் இறக்கிவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனான். அவசரமாகப் போனான்.

நடு அறைக்குள் நின்றேன். வெறுமை. ஒரு மியாவ் இல்லை. பன்னிரண்டுக்குப் பதினொன்று, சுத்தமான தரை. சத்தம் போட்டு ஒருமுறை தும்மினேன். யாரும் ஓடவில்லை. சோற்றைத் தின்றேன். ஆட்டுக்குக் குழை போட்டேன். என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். படத்தை ஒருமுறை பார்த்தேன். கட்டிலில் நீட்டி நிமிர்ந்தேன். தலையணை முழுவதும் என் தலைக்கு.

உறுமல் கேட்டுக் கண் விழித்தேன். மூன்று மணி.

முதலில் மழை என்று நினைத்தேன். மழை கதவுக்குக் கீழே மூக்கை வைத்து மோப்பம் பிடிக்காது. கதவை ஒரு சாண் திறந்தேன். நடு அறையின் நடுவில் ஒரு மண்ணிற நாய். அதன் வயிற்றோடு ஏழு குட்டி. நாய் என்னைப் பார்த்தது. நான் நாயைப் பார்த்தேன். நாய் எழும்பியது. நான் கதவைச் சாத்தினேன்.

"சுபத்திரா!"

"கத்தாதேங்கோ!" முன் அறையிலிருந்து குரல் வந்தது. "அவளுக்கு ஆம்பிளைக் குரல் பிடிக்காது. லொறிக்காரர் கலைச்சுக் கலைச்சு அவளைப் பயப்படுத்தி வைச்சிருக்கினம்."

"உது எப்பிடி வந்தது?"

"கொலின்ஸின்ர ஓட்டோவில. பெட்டியையும் உங்களையும் இறக்கிப்போட்டுத் திரும்பி வந்து எங்களை ஏத்தினவர்."

"எங்களை எண்டால்? நீ கோயிலுக்கெல்லோ போனாய்?"

 காலடிச் சத்தம் முற்றத்தால் சுற்றி வந்தது. என் யன்னலுக்கு வெளியே நின்றாள். யன்னலுக்குக் கம்பி. கழுதை தலையை நுழைக்கிறது என்று நானே போடுவித்த கம்பி. அவளுக்குப் பக்கத்தில் கழுதையும் வந்து நின்றது.

"நான் நூர்ஜஹானின்ர குசினியில இருந்தனான்."

"எப்ப?"

"கடுமையான மனிசி எண்டு நீங்கள் சொல்லேக்க."

 கழுதை கம்பிக்குள்ளால் மூஞ்சியை நீட்டி, யன்னல் தட்டில் இருந்த பத்திரிகையை இழுத்தது. விட்டேன்.

"போன வெள்ளி நான் போனதும் அங்கைதான்," என்றாள். "வீடு பாக்காமல் நான் பூனை குடுப்பனோ? நல்ல வீடு. நூர்ஜஹான் ஒவ்வொண்டின்ர பேரும் பாடமாக்கி வைச்சிருக்கிறா. கொண்டுபோய் விடுங்கோ எண்டு கேட்டால் நீங்கள் போக மாட்டியள். மூண்டு மாசம் முந்தி மருந்து வாங்கக் கேட்டதுக்கே நான் என்ன உங்கட வேலைக்காரனோ எண்டு கத்தின ஆள். அதுதான் பெட்டியை மட்டும் வாசலில வைச்சன்."

"நுஃமானுக்குத் தெரியுமோ?"

"நீங்கள் ரெலிபோன் எடுக்க முதலே தெரியும். எப்ப எடுப்பியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தவர்."

சரி. தோல்விதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் அறை என் அறைதான். எல்லை எல்லைதான். கட்டிலில் இருந்து கைகளைக் கட்டினேன்.

இரண்டு நிமிடம் போனது. அப்போது வேறு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. கழிப்பறை முற்றத்துக்கு அந்தப் பக்கம்.

"சுபத்திரா, எனக்கு வெளிய போகவேணும்."

"போங்கோ."

"எதால?"

"படத்தைப் பாருங்கோவன்."

பார்த்தேன். துண்டு மூன்றுக்கு வடக்கே சுவர். கிழக்கே சுவர். மேற்கே யன்னல், கம்பி. தெற்கே துண்டு இரண்டு. துண்டு இரண்டில் சீவரத்தினத்துக்கு எவ்வித உரிமையும் இல்லை.

வழி கீறவில்லை.

முப்பத்தாறு வருடம். எந்தப் படத்தைக் கையில் எடுத்தாலும் என் கண் முதலில் தேடுவது வழியைத்தான். உள்காணிக்கு வழி விடாமல் கீறிய இளம் அளவையாளன் ஒருவனை, முசலியில், காணிக்காரர் அத்தனை பேருக்கும் முன்னால் வைத்து, "நீ காணிக்காரனை ஹெலிகொப்டரிலயோ இறக்கப் போறாய்?" என்று கேட்டவன் நான். பாவம், அவன் அழுதான்.

"கையெழுத்துப் போடேக்கயே கண்டனீயோ?"

"கண்டனான். அதுதான் வடிவாப் பாருங்கோ எண்டு சொன்னனான்." பிறகு கனிவாகக் கேட்டாள். "தேத்தண்ணி தரட்டோ?"

"வேண்டாம்."

"இளநி?"

"திரவம் ஒண்டும் வேண்டாம்! சுபத்திரா, ஒரு மூண்டடி வழி தா."

"எவ்வித உரிமையும் இல்லை எண்டு எழுதினது ஆர்? தடிப்பா வேற எழுதியிருக்கிறியள்."

"நாயைப் பிடிச்சுக் கட்டு. ரெண்டு நிமிசம்."

"இண்டைக்குக் கட்டலாம். நாளைக்கு? குட்டிகள் வளர ரெண்டு மாசம் செல்லும். நாளுக்கு எத்தினை தரம் போவியள்?"

யோசித்தேன். எழுபத்தொரு வயதில் அந்தக் கணக்கு நல்ல கணக்கு இல்லை.

"அப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?"

அவள் கழுதையின் கழுத்தைத் தடவிக்கொண்டு, வாட்டில் டொக்டருக்கு நோயாளியைப் பற்றிச் சொல்வது மாதிரிச் சொன்னாள். "குட்டி போட்டவளுக்கு ஆள் நடமாட்டம் இல்லாத இடம் வேணும். நடு அறை சரிவராது. குசினிக்குப் போறதெண்டாலும் அதாலதான், முன்னுக்குப் போறதெண்டாலும் அதாலதான். ஒவ்வொருத்தரும் போகேக்க அவள் நடுங்குறாள். பால் வத்திப்போம். உங்கட அறையால ஒருத்தரும் ஒரு இடமும் போகத் தேவையில்லை. ஒரு கதவு. ஒரு யன்னல். தனி வாட்டு."

"என்ர அறை!"

"நீங்கள் நடு அறையை எடுங்கோ. பூனையும் இல்லை இப்ப. ஆருக்கும் அதில உரிமை இல்லை, உங்களுக்கு மட்டும். எழுதித் தாறன்."

  மனதுக்குள் பெருக்கினேன். பதினொன்று தர ஒன்பது, தொண்ணூற்றொன்பது. பன்னிரண்டு தர பதினொன்று, நூற்று முப்பத்திரண்டு. முப்பத்துமூன்று சதுர அடி கூட! இவள் தாதி. கட்டில் எண்ணத் தெரியும். பரப்பு பார்க்கத் தெரியாது. சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் இருக்கப் பெரிய பாடுபட்டேன். மற்ற அவசரமும் அதற்கு உதவியது.

"குட்டிகள் வளருமட்டும்தானே?"

"வளருமட்டும்தான்."

"நடு அறை முழுக்க எனக்கு?"

"முழுக்க உங்களுக்கு. வழியை மட்டும் மறக்காமல் போடுங்கோ. முன் வாசலில இருந்து குசினிக்கும், குசினியில இருந்து கடைசி அறைக்கும். நாங்களும் போய் வரவேணும்தானே."

"அது எனக்குத் தெரியும். நீ சொல்லித் தரத் தேவையில்லை."

கதவிலிருந்து படத்தைக் கிழித்தெடுத்தேன். பின்பக்கத்தில் புதிதாகக் கீறினேன். யன்னலில் கழுதை, வயிற்றில் அவசரம். எல்லாவற்றையும் மீறி, இந்த முறை வழி போட்டேன். ஒரு சுவரில் மருந்து அலுமாரி. மற்றச் சுவரில் கூடுகள். நடுவில் நாலடி. அந்த நாலடியில் கோடு இழுத்து, 'பொது வழி, மனிதருக்கும் விலங்குக்கும், எந்நேரமும்' என்று எழுதினேன். சட்டப்படி அப்படித்தான் எழுதவேண்டும். கையெழுத்துப் போட்டுக் கம்பிக்குள்ளால் நீட்டினேன். கழுதை எட்டிப் பார்த்தது. சுபத்திரா முந்திக்கொண்டாள்.

உள்ளே வந்து நாயின் காதுக்குள் ஏதோ சொல்லி, கழுத்தைக் கட்டிப் பிடித்தாள். "மேட்ரன், இருங்கோ. ஐயா போகட்டும்." நாய்க்கு அதற்குள் பேர் வைத்தாயிற்று. அவள் வேலை செய்த காலத்துத் தலைமைத் தாதி மேட்ரனின் பார்வை அப்படியே இருக்கிறதாம்.

"ஓடாதேங்கோ. மெல்ல நடவுங்கோ."

பன்னிரண்டு அடி. என் கால் தரையில் பட்டது இரண்டு இடத்தில்தான்.

திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. என் அறையில், என் கட்டிலுக்குக் கீழே, மேட்ரன். தியோடலைற் பெட்டிக்குள் ஏழு குட்டி, வெல்வெற் துணியில், ஒன்றன் மேல் ஒன்று. மின்விசிறி மெல்லச் சுழன்றது. மேட்ரன் கண்ணை மூடியிருந்தது. நடுக்கம் இல்லை. வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். "பாவம்" என்று சொல்ல வந்தது. சொல்லவில்லை. பாடம் படித்துவிட்டேன்.

கட்டிலை வெளியே எடுக்க முடியவில்லை. எடுத்தால் மேட்ரனுக்குக் கூரை போய்விடுமாம். சுபத்திரா ஒரு மடக்குக் கட்டில் தந்தாள். அலுமாரிப் பக்கம் வைத்துப் பார்த்தேன், கதவு திறக்காது. கூடுகள் பக்கம் வைத்துப் பார்த்தேன், கொள்ளாது. அளந்து அளந்து பார்த்ததில், மடக்குக் கட்டில் விரிக்க அந்த அறையில் ஒரே ஒரு இடம்தான் உண்டு.

இப்போது நடு அறை முழுக்க என்னுடையது, நூற்று முப்பத்திரண்டு சதுர அடி; பொது வழி என் வயிற்றின் மேலால் போகிறது.